புது வசதி வருகிறது... பழைய போன் என்ன செய்யும்?

யாருக்கும் சொந்தமில்லாத தகவல் நெறிமுறைகள் எப்படி வளர்கின்றன, எங்கே தடுக்கி விழுகின்றன?

பழைய பட்டன் போன் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்து, ஒரு எஸ்.எம்.எஸ். எழுதிப் பாருங்கள். திரையின் மூலையில் 160 என்று ஓர் எண் தெரியும். ஆங்கிலத்தில் தட்டினால் அது ஒன்றொன்றாகக் குறையும். தமிழுக்கு மாறி முதல் எழுத்தைத் தட்டியதுமே 160 காணாமல் போய், எண் 70-க்குக் கீழே இறங்கிவிடும். 'கோயம்புத்தூர்' என்று எழுதி முடித்தால் மிச்சம் 57தான். நமக்கு அது ஏழெழுத்துச் சொல். போனுக்கோ பதின்மூன்று. ககரம் ஒன்று, அதனோடு சேரும் ஓகாரக் குறி ஒன்று, மகரம் ஒன்று, அதன் தலையில் நிற்கும் புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணிக்கொள்ளும்.

கணக்கு இதுதான். ஓர் எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் போவதால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும், ஆகவே 70. ஒரு பள்ளியோ வங்கியோ தமிழில் கொஞ்சம் நீளமாக அறிவிப்பு அனுப்பினால், அது மூன்று நான்கு செய்திகளாகக் கணக்காகி அத்தனைக்கும் காசு போகிறது.

இதற்குத் தீர்வே கண்டுபிடிக்கப்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தமிழ், இந்தி, தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட மொழிகளுக்குத் தனித்தனி ஏழு பிட் அட்டவணைகளைத் தரத்தில் சேர்த்துவிட்டது. அதன்படி ஒரே செய்தியில் 150-க்கும் மேற்பட்ட தமிழ்க் குறிகளை அனுப்பலாம். ஆவணத்தில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக அழகாக உட்கார்ந்திருக்கின்றன. நம் போன்களில்தான் அது புழக்கத்துக்கு வரவில்லை. காரணம் சின்னது. அனுப்புகிற போன், பெறுகிற போனிடம் "உனக்கு இந்த அட்டவணை தெரியுமா?" என்று கேட்க எஸ்.எம்.எஸ்.ஸில் வழியே கிடையாது. கேட்காமல் அனுப்பி, எதிர்முனையில் இருப்பது பழைய போனாக இருந்துவிட்டால், மகன் அம்மாவுக்கு அனுப்பிய செய்தி கிறுக்கலாகப் போய் நிற்கும். அந்த ஆபத்தை யார் எடுப்பார்கள்? ஆபத்தில்லாத 70-லேயே தமிழ் எஸ்.எம்.எஸ். நின்றுவிட்டது.

பல ஆண்டுகளாக எனக்குள் அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு நெறிமுறையில் புதிய வசதியை எழுதிச் சேர்ப்பது ஒரு வேலை. அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்வது வேறொரு வேலை. முதல் வேலைக்குப் பெயரும் புகழும் கிடைக்கும். இரண்டாவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு திறந்த நெறிமுறை பிழைப்பதும் மாய்வதும் இரண்டாவதில்தான்.

நெறிமுறை என்றால் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் விதிகள். யார் முதலில் பேச வேண்டும், எந்த வரிசையில், புரியாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். திறந்த நெறிமுறை என்றால், விதிகள் எல்லோருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் அதை வைத்து ஒரு செயலியோ சர்வரோ எழுதலாம். மின்னஞ்சல் அப்படிப்பட்டது. வாட்ஸ்அப் அப்படிப்பட்டதல்ல. திறந்த நெறிமுறையைச் சுற்றிச் செயலி எழுதுபவர்கள், சர்வர் நடத்துபவர்கள், ஒரு பைசா வாங்காமல் பிழை திருத்துபவர்கள், பயன்படுத்துபவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் சேர்கிறது. தொழில்நுட்பக்காரர்கள் இதை ஈகோசிஸ்டம் என்பார்கள். நான் 'சுற்றம்' என்றே சொல்லப்போகிறேன். ஒருவர் வீட்டு விசேஷம் எல்லோர் வீட்டையும் தொடும் என்பதால் இந்தச் சொல்தான் பொருந்துகிறது.

நம் ஊர் யூ.பி.ஐ.யை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். கூகுள் பேயிலிருந்து போன்பேவுக்குப் பணம் போகிறது. ஆனால் அங்கே தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்று ஒரு தலைவாசல் இருக்கிறது. இன்ன தேதிக்குள் எல்லா வங்கியும் இதைச் செய்தாக வேண்டும் என்று அது சுற்றறிக்கை விட்டால் நடக்கும். மின்னஞ்சலுக்கு அப்படிச் சுற்றறிக்கை விட உலகத்தில் ஒருவரும் இல்லை.

1992: பழைய சர்வருக்குத் தெரியாமலே வந்த புதுமை

சுற்றறிக்கை விட ஆளில்லாத இடத்தில் ஒரு பெரிய வசதியைக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு நான் அறிந்ததில் மிகச் சிறந்த உதாரணம், மின்னஞ்சலில் இணைப்புகள் வந்த கதை.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்பவர் வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்ற மின்னஞ்சல் விதிகளின்படி, ஆங்கில எழுத்து மட்டுமே போகும். எட்டாவது பிட்டைத் தொடவே கூடாது. படம், பாட்டு, தமிழ் எதற்கும் இடமில்லை. பத்தாண்டு கழித்து, பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த நத்தானியல் போரன்ஸ்டைனும், நெட் ஃப்ரீட் என்ற நிரலாளரும் இதை மாற்ற உட்கார்ந்தார்கள். அதற்குள் உலகம் முழுக்க எண்ணற்ற மின்னஞ்சல் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று கேட்டிருந்தால் அந்த முயற்சி அங்கேயே செத்திருக்கும்.

அவர்கள் சர்வரைத் தொடவே இல்லை. படத்தின் மூன்று மூன்று பைட்டுகளை எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு ஆங்கில எழுத்துகளாக மாற்றினார்கள். வழியில் நிற்கும் சர்வருக்கு அது யாரோ கிறுக்குத்தனமாகத் தட்டச்சு செய்த நீண்ட கடிதமாக மட்டுமே தெரியும். முணுமுணுக்காமல் அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த நஷ்டத்தைத் தெரிந்தேதான் ஏற்றார்கள். மாற வேண்டியது அனுப்புபவரின் செயலியும் பெறுபவரின் செயலியும் மட்டுமே. மைம் என்று பெயரிடப்பட்ட இந்த முறையில் 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய முதல் இணைப்பில், அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடும் பாடகர் குழுவின் படமும் பாட்டும் போயின. அதே ஆண்டு ஜூனில் அது முறையான ஆவணமாக வெளிவந்தது.

அதில் ஒரு நுணுக்கம் என்னை எப்போதும் நெகிழ வைக்கும். மைம் கடிதத்தின் மேல்பகுதியில், பல பகுதிகள் தொடங்குவதற்கு முன்னால், கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். புதிய செயலி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும், நமக்குக் காட்டாது. பழைய செயலிக்கு மைம் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் அப்படியே காட்டும். அந்த இடத்தில், இது பல பகுதிகள் கொண்ட மைம் கடிதம் என்று ஒரு வரி எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது. புதுச் செயலி வாங்க வசதியில்லாத, அல்லது வாங்க மனமில்லாத யாரோ ஒருவருக்காக மட்டுமே எழுதப்பட்ட வரி அது. அவரும் நம் சுற்றத்தில் ஒருவர்தான் என்ற நினைப்பு இல்லாமல் அந்த இடத்தை யாரும் ஒதுக்கியிருக்க முடியாது.

அடுத்த ஆண்டு, 1993-இல், சர்வர்களுக்கும் ஒரு கதவு திறந்தது. அதுவரை ஒரு சர்வர் இன்னொன்றைக் கூப்பிட்டால், ஹெச், ஈ, எல், ஓ என்ற நான்கெழுத்தில் வணக்கம் சொல்லும். புதிய விதியில் முதல் இரண்டு எழுத்தை இடம் மாற்றி, ஈ, ஹெச், எல், ஓ என்று சொல்லச் சொன்னார்கள். எதிரில் இருப்பது புது சர்வர் என்றால், தனக்குத் தெரிந்த வித்தைகளை வரிவரியாக ஒப்பிக்கும். இவ்வளவு பெரிய கடிதம் வாங்குவேன், எட்டு பிட் எழுத்து வாங்குவேன், ரகசியமாகப் பேசத் தெரியும் என்று. பழைய சர்வர் என்றால், இந்த வார்த்தை புரியவில்லை என்று 500 வரிசையில் ஒரு பிழை எண்ணைத் திருப்பும். அதைக் கேட்டதும் கூப்பிட்டவர் கோபித்துக்கொள்ளாமல் பழைய வணக்கத்தையே சொல்லிப் பழையபடி கடிதத்தைக் கொடுப்பார். எஸ்.எம்.எஸ்.ஸில் நமக்கு இல்லாமல் போனது இந்தக் கேள்விதான். பின்னால் மின்னஞ்சலுக்கு வந்த மறைகுறியாக்கம் உட்பட எத்தனையோ வசதிகள் இந்த இரண்டெழுத்து இடமாற்றத்தின் வழியாகவே உள்ளே நுழைந்தன.

ஜாபர்: நூறு பூக்கள், ஒரு முகப்படம்

மின்னஞ்சலுக்குக் கிடைத்த நிதானம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1999 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து ஜெரமி மில்லர் என்ற இளைஞர் 'ஜாபர்' என்ற அரட்டை நெறிமுறையை அறிவித்தார். அன்று ஏ.ஓ.எல்., ஐ.சி.க்யூ., யாஹூ, எம்.எஸ்.என். எல்லாம் தனித்தனித் தீவுகள். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பேச முடியாது. மின்னஞ்சலைப் போலவே யாரும் சர்வர் நடத்தலாம், எந்த சர்வரில் இருப்பவரும் எந்த சர்வரில் இருப்பவரோடும் பேசலாம் என்பதே ஜாபரின் கனவு. 2004 அக்டோபரில் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் அது இணையத் தரமாயிற்று. 2005 ஆகஸ்டில் கூகுள் டாக் அதே நெறிமுறையில் வந்தது. 2006 ஜனவரியில் மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. ஜிமெயில் வைத்திருப்பவரும், ஏதோ ஒரு கல்லூரியின் மூலையில் ஓடும் சர்வரில் கணக்கு வைத்திருப்பவரும் நேராகப் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

எக்ஸ்.எம்.பி.பி.யின் முதல் எழுத்துக்கே 'விரிவாக்கத்தக்கது' என்றுதான் பொருள். மையம் சின்னதாக இருக்கும். வேண்டிய வசதியை யார் வேண்டுமானாலும் ஒரு நீட்டிப்பு ஆவணமாக எழுதிக் கொடுக்கலாம். எழுதினார்கள். இன்று அந்த ஆவணங்களின் வரிசை எண் 400-ஐத் தாண்டிவிட்டது. பலமும் அதுதான், தலைவலியும் அதுதான்.

முகப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சின்னப் படம். அதற்கு ஒரு முறை வந்தது. பிறகு, முகவரி அட்டைக்குள் படத்தை வைக்கும் இன்னொரு முறை வந்தது. அதன் பிறகு சர்வரில் பதித்து வைத்துச் சந்தாதாரருக்குத் தெரிவிக்கும் மூன்றாவது முறை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் ஒரு செயலி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று மூன்றாவதை. விளைவு, நான் வைத்த படம் என் நண்பருக்குத் தெரியும். அவர் வைத்தது எனக்குத் தெரியாது. சாதாரணப் பயனருக்கு ஆவண எண் எதுவும் தெரியாது. "இந்த ஆப் சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விடுவார். கடைசியில் இதைத் தீர்த்தது நான்காவது ஒரு புது முறை அல்ல. இரண்டாவதை மூன்றாவதாகவும் மூன்றாவதை இரண்டாவதாகவும் சர்வரே மாற்றிக் கொடுத்துவிடும் என்று, டேனியல் குல்ச் என்ற ஜெர்மன் நிரலாளர் ஓர் எளிய ஏற்பாட்டை எழுதினார். யாருடைய செயலியும் மாற வேண்டியதில்லை. எனக்கு அது மைம் குடும்பத்து வாரிசாகத் தெரிகிறது.

ஸ்மார்ட்போன் வந்தபோதுதான் ஜாபர் உண்மையில் அடி வாங்கியது. கம்பியில் இணைந்த கணினியை மனதில் வைத்து எழுதிய நெறிமுறை அது. போனிலோ லிஃப்டுக்குள் நுழைந்தால் தொடர்பு அறும், பஸ் பாலத்தடியில் போனால் அறும். அறுந்த இடைவெளியில் வந்த செய்தி காணாமல் போனது. ஒருவர் போனிலும் லேப்டாப்பிலும் இருந்தால் செய்தி ஏதாவது ஒன்றுக்கு மட்டும் போனது. அறுந்த தொடர்பை விட்ட இடத்தில் தொடர ஒரு நீட்டிப்பு, எல்லாக் கருவிக்கும் நகல் அனுப்ப ஒன்று, பழைய செய்திகளைச் சர்வரில் சேமிக்க ஒன்று, தூங்கும் போனை எழுப்ப ஒன்று என்று தீர்வுகள் வராமலில்லை. ஆனால் நான்கும் வேலை செய்ய வேண்டுமானால் அனுப்புபவர், பெறுபவர், இரண்டு சர்வர்கள் எல்லாம் மாறியிருக்க வேண்டும். ஒன்று மாறாவிட்டாலும் செய்தி தவறும்.

இதே நேரத்தில் 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப், ஈஜாபர்ட் என்ற அதே ஜாபர் சர்வரை எடுத்துத்தான் தன் வேலையை ஆரம்பித்தது. விதியைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. வெளிக்கதவைத் திறக்கவே இல்லை. ஒரே செயலி, ஒரே கம்பெனி. எதையாவது மாற்ற வேண்டுமா, மாற்றிவிடலாம். 2013 மே மாதம் கூகுள் ஹேங்அவுட்ஸைக் கொண்டுவந்து வெளிச் சர்வர்களோடு பேசும் வழியைக் கைவிடத் தொடங்கியது. நம் ஊரில் ஜாபர் என்ற பெயரையே கேட்காத கோடிக்கணக்கானவர்கள் வாட்ஸ்அப்புக்குள் நேராக நுழைந்தார்கள்.

ஒரு குற்றச்சாட்டும் ஒரு பதிலும்

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப், முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்து முடித்தது. அதற்கு அடிப்படையான சிக்னல் நெறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மாக்ஸி மார்லின்ஸ்பைக், அடுத்த மாதமே திறந்த நெறிமுறைகளை நோக்கி ஒரு கடுமையான வாதத்தை வைத்தார். அதன் சாரம் இது: உலகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, பலர் பலவிதமாக நடத்தும் சர்வர்களின் கூட்டமோ, தான் பிறந்த காலத்திலேயே உறைந்து நின்றுவிடுகிறது. மின்னஞ்சலைப் பாருங்கள், இன்னும் முழுமையான மறைகுறியாக்கம் இல்லை. ஐ.பி. முகவரியைப் பாருங்கள், நான்காம் பதிப்பிலிருந்து நகர இத்தனை காலம். ஒரே கையில் இருந்தால்தான் வேகம்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கக் கூடாது. அவர் சொன்ன உதாரணங்கள் உண்மை. நம் தாத்தா பாட்டிகளின் பேச்சுக்குக்கூட மறைகுறியாக்கம் கிடைத்தது அந்த மையப்பட்ட வேகத்தால்தான். திறந்த நெறிமுறையை நேசிக்கிற நான் அந்த நன்மையை மறுத்தால் அது நேர்மையாகாது.

ஆனால் திறந்த கூட்டத்தால் நகரவே முடியாது என்பதை ஏற்க மாட்டேன். ஏனென்றால் அது நகர்ந்ததைப் பார்த்திருக்கிறோம். 2013-இல் அமெரிக்க உளவு நிறுவனத்தின் கண்காணிப்பு அம்பலமானதும், எக்ஸ்.எம்.பி.பி. சர்வர் நடத்துபவர்களும் நிரலாளர்களும் சேர்ந்து ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். சர்வருக்குச் சர்வர் போகும் எல்லாப் பேச்சும் இனி மறைகுறியாக்கத்தில்தான், இல்லாதவரோடு பேசமாட்டோம். உடனே பூட்டைப் போடவில்லை. 2014 ஜனவரி 4 அன்று ஒருநாள் ஒத்திகை. பிறகு பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. ஒவ்வொரு ஒத்திகையிலும் யாருடைய சர்வர் அறுந்தது என்று பார்த்துச் சரிசெய்தார்கள். மே 19 அன்று நிரந்தரமாக மாறினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள்: கூகுளின் சர்வர்கள் அந்த இணைப்பில் மறைகுறியாக்கத்தை ஏற்காததால், உறுதிமொழியில் நின்ற சர்வர்களில் இருந்தவர்களுக்கு ஜிமெயில் நண்பர்களோடு இருந்த தொடர்பு போயிற்று. சுற்றத்திலேயே மிகப் பெரிய வீட்டை விட்டுவிட்டுப் போகும் முடிவு அது. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பழைய போனை மதிக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதை எப்படிப் பாராட்டுகிறாய் என்று கேட்கலாம். முகப்படம் தெரியாவிட்டால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அங்கே பழையவரைக் காத்து நிற்பதுதான் பண்பு. பேச்சை ஒட்டுக்கேட்கவிடும் ஓட்டையோ அந்த ஒருவரோடு நிற்பதில்லை, அவரோடு பேசும் எல்லோரையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிறது. அங்கே நாள் குறித்து, ஒத்திகை பார்த்து, கதவைச் சாத்தத்தான் வேண்டும். எது முகப்படம், எது ஓட்டை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் ஒரு நெறிமுறையை நடத்துபவர்களின் நிதானம் தெரியும்.

எக்ஸ்.எம்.பி.பி. அமைப்பு பிறகு இன்னொரு நல்ல காரியமும் செய்தது. நானூறு ஆவணங்களில் எதை எழுதுவது என்று புதிதாக வருபவர் திகைக்காமல் இருக்க, ஒரு போன் செயலிக்கு இந்த ஆண்டு கட்டாயம் வேண்டியவை இவை, இருந்தால் நல்லவை இவை என்று பட்டியல் போட்டு வெளியிட்டது. அந்தப் பட்டியலில் புது வசதி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதில் எது முக்கியம் என்பது மட்டும்தான். 2014-இல் வந்த கான்வர்சேஷன்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலி, அந்த முக்கியமானவற்றைப் பிழையில்லாமல் செய்து காட்டி மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. அதை எழுதியவர் முகப்படத்துக்கு வழி கண்ட அதே டேனியல் குல்ச்.

மேட்ரிக்ஸ்: வேகமும் மூச்சிரைப்பும்

2014-இல் மேத்யூ ஹாட்ஜ்சன், அமாண்டின் லெ பாப் இருவரும் தொடங்கிய மேட்ரிக்ஸ், ஜாபரின் அனுபவத்தைப் பார்த்துப் பாதையை மாற்றிக்கொண்டது. குழு உரையாடல், பழைய செய்தி சேமிப்பு, பல கருவிகள் எல்லாம் நீட்டிப்பாக இல்லாமல் மையத்திலேயே இருக்கும். விதியை மாற்ற விரும்புபவர் ஒரு முன்மொழிவு தர வேண்டும்; காகிதத்தில் மட்டும் அழகாக இருந்தால் போதாது, அது ஓடுகிறது என்று நிரலில் காட்டியாக வேண்டும். சோதனை நடக்கும்வரை வசதியின் பெயருக்கு முன்னால் முன்மொழிவு எண்ணோடு ஒரு நீளமான ஒட்டு இருக்கும். பரிசோதனையை நிரந்தரம் என்று யாரும் தவறாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக 2019 ஏப்ரலில் வெளியிட்ட ட்சாப் செயலியும், ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சரும் இதில்தான் ஓடுகின்றன.

வேகமாக வளர்ந்ததன் வலியும் வந்தது. 2020 மே மாதம், தனிப்பட்ட உரையாடல்களுக்கு மறைகுறியாக்கம் தானாகவே வரும் என்று முதன்மைச் செயலி மாறியபோது, பகுதிநேரமாக இரண்டு பேர் எழுதிவந்த சின்னச் செயலிகளும் பாட்களும் தவித்துப்போயின. மறைகுறியாக்கத்தைச் சொந்தமாக எழுதுவது விளையாட்டல்ல. அவர்களுக்காக இடையில் நின்று பூட்டித் திறந்து கொடுக்கும் பாண்டலைமான் என்ற இடைநிலை நிரல் ஒன்றை மேட்ரிக்ஸ்காரர்களே எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ரஸ்ட் மொழியில் ஒரு பொதுநூலகமும் வந்தது. புது வசதியோடு கூடவே, அதை எட்ட முடியாதவருக்கு ஏணியும் செய்து கொடுப்பது என்று இதைச் சொல்வேன். எல்லா வசதிக்கும் இது கட்டாயமாக வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கேள்வி கேட்கும் வழி இருந்தும் யாரும் கேட்காமல் விட்டால், அந்த வழி துருப்பிடித்துவிடும். நாம் வங்கித் தளத்தைத் திறக்கும்போது பூட்டைப் போடும் டி.எல்.எஸ். நெறிமுறையில், பதிப்பு எண்ணைச் சொல்ல ஓர் இடம் முதலிலிருந்தே இருந்தது. 1.3 பதிப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் புது எண்ணை எழுதிப் பார்த்தபோது, வழியில் நின்ற பழைய கருவிகள் சில மிரண்டு தொடர்பையே அறுத்தன. கடைசியில், 2018-இல் வந்த 1.3, அந்த இடத்தில் தன்னை 1.2 என்றே சொல்லிக்கொண்டு, உண்மைப் பதிப்பை வேறோர் இடத்தில் குறிக்க வேண்டியதாயிற்று. இனி அப்படி நேராமல் இருக்க, பிரவுசர்கள் அவ்வப்போது பொருளே இல்லாத எண்களை வேண்டுமென்றே அனுப்புகின்றன. புரியாததைக் கேட்டால் அமைதியாகத் தாண்டிப் போகச் சர்வர்களைப் பழக்குவதற்காக. திறக்காத கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவதுபோல. அந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரே 'மசகு' என்று பொருள்படும் கிரீஸ்தான்.

நமக்கு முன்னால் கிடக்கும் வேலை

இவ்வளவும் தூரத்து ஊர்க்கதை என்று தோன்றினால், தமிழ் மின்னஞ்சல் முகவரிக்கு வருவோம். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றின் முன்னால் தமிழ்ப் பெயரை வைத்து முழுத் தமிழில் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள, 2012-லேயே இணையத் தரம் வந்துவிட்டது. இரண்டாண்டு கழித்து ஜிமெயில் அத்தகைய முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பவும் பெறவும் வழி செய்தது.

இதுவும் அந்த ஈ, ஹெச், எல், ஓ வழியாகத்தான் நடக்கிறது. வணக்கம் சொன்னதும் எதிர் சர்வர் ஒப்பிக்கும் பட்டியலில், வேற்று எழுத்து முகவரியும் வாங்குவேன் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வந்துவிடும். முதலில் 2008-இல் பரிசோதனையாக எழுதியபோது, பழைய சர்வர் எதிர்ப்பட்டால் வழியிலேயே முகவரியை ஆங்கிலத்துக்கு இறக்கிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். அது சிக்கலுக்கு மேல் சிக்கலாகப் போகவே, 2012-இல் அதைக் கைவிட்டார்கள். ஆக மைம் காட்டிய குறுக்கு வழி இங்கே கிடையாது. ஒவ்வொரு சர்வராக, ஒவ்வொரு படிவமாக மாறினால்தான் உண்டு.

இதில் சர்வரைவிடப் பெரிய தடை, நாம் தினமும் நிரப்பும் இணையப் படிவங்கள். ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், மின்கட்டணம் என்று எங்கே போனாலும் மின்னஞ்சல் கட்டத்தில் தமிழ் முகவரியைத் தட்டினால் பல தளங்கள் சிவப்பு எழுத்தில் 'தவறான முகவரி' என்று மறித்துவிடும். என்றோ ஒருவர் எழுதி வைத்த ஒரு வரி நிரல், ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் மின்னஞ்சலாக ஏற்பதில்லை. அதைத் திருத்த ஒருவருக்கு ஒரு மதியப் பொழுது போதும். உலகத் தரத்தில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் மென்பொருள் எழுதும் தமிழர்களிடம் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். நாளை வேலைக்குப் போனதும் உங்கள் நிறுவனத்தின் பதிவுப் படிவத்தைத் திறந்து, மின்னஞ்சல் கட்டத்தில் ஒரு தமிழ் முகவரியைத் தட்டிப் பாருங்கள். மறித்தால், அந்த வரியைத் திருத்துங்கள். உங்களால் முடியாவிட்டால், திருத்தக்கூடியவரிடம் பிழை அறிக்கையாகப் பதிவு செய்யுங்கள்.